எரிந்து விழும் டாக்டர், மதிக்காத ரிசப்ஷன்: பேசுவதா, மாறுவதா, புகார் கொடுப்பதா?

அம்மாவுக்கு முடக்குவாதம். மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கி, காலையில் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போனபோது திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வெளியே இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். நடுவில் ஒருமுறை "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்று அம்மா கேட்டதற்கு, ரிசப்ஷனில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கூப்பிடுவோம், போய் உட்காருங்க" என்றார். உள்ளே போய் மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். "இது தினமும் போடணுங்களா சார்?" என்று அம்மா கேட்டார். "சீட்டுல எழுதியிருக்கு இல்ல? படிக்கத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார் டாக்டர்.

சீட்டை நானும் படித்துப் பார்த்தேன். எழுத்து புரியவில்லை. கீழே மருந்துக் கடையில் இருந்த பெண்தான், "அம்மா, இது வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டுடாதீங்க" என்று இரண்டு முறை சொல்லி, கவரின் மேல் 'ஞாயிறு மட்டும்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். மூட்டு நோய்க்கு வாரம் ஒருமுறை போட வேண்டிய அந்த மாத்திரையைத் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து டாக்டரின் கடுஞ்சொல்லை வெறும் மனவருத்தமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. திட்டு வாங்கியவர் அடுத்த முறை சந்தேகம் கேட்க மாட்டார். போன வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டதைச் சொல்ல மாட்டார். மறுபரிசோதனைக்குப் போகும் நாளைத் தள்ளிப் போடுவார். அம்மா மூன்றையும் செய்தார்.

உறவினர், அலுவலக நண்பர்கள் என்று பலர் இதே சிக்கலோடு வருகிறார்கள். சகித்துக்கொள்வதா, நேரில் சொல்லிவிடுவதா, வேறு டாக்டரைப் பார்ப்பதா, புகார் எழுதுவதா என்று குழம்புகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எதை வைத்து முடிவெடுக்கலாம் என்று சொல்லலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முதலாவது, சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அறுவை சிகிச்சை முடிந்து தையல் பிரிக்காத நிலையும், வருடம் ஒருமுறை தைராய்டு பார்த்துக்கொள்ளும் நிலையும் ஒன்றல்ல. இரண்டாவது, அந்த நடத்தை சிகிச்சையைத் தொடுகிறதா? குரல் கடுமையாக இருந்தாலும் கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொல்லும் டாக்டர்கள் உண்டு. சிரித்த முகத்தோடு எதையுமே சொல்லாமல் அனுப்புகிறவர்களும் உண்டு. இரண்டாம் வகைதான் ஆபத்து. மூன்றாவது, உங்களுக்கு என்ன வேண்டும்? மன்னிப்பா, பணமா, ரிப்போர்ட்டா, இல்லை இன்னொருவருக்கு இப்படி நடக்கக் கூடாது என்பதா? ஒவ்வொன்றுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு. நான்காவது, அலைச்சலும் செலவும் யார் தலையில் விழும்? நோயாளியோடு போய்வர ஆள் இருக்கிறதா?

இவற்றுக்கு முன்னால் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: பிரச்சினை டாக்டரிடமா, ஊழியரிடமா? ரிசப்ஷனிஸ்ட், கேஷியர், அட்டெண்டர் ஆகியோர், டாக்டர்களைப் பதிவு செய்து அவர்கள் நடத்தையை விசாரிக்கும் மருத்துவக் கவுன்சிலின் வரம்புக்குள் வருவதில்லை. அவர்களைப் பற்றி அங்கே எழுதினால் வீண். அவர்களுக்குப் பொறுப்பு மருத்துவமனை நிர்வாகம், சிறிய கிளினிக் என்றால் அந்த டாக்டரேதான்.

## எந்த வழியானாலும் முதலில் ஃபைல்

கோபம் ஆறுவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. சீட்டு, பில், ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை முடிவு, உள்நோயாளியாக இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி என்று எல்லாவற்றின் நகலும் உங்கள் கையில் இருக்க வேண்டும். சண்டை வந்த பிறகு கேட்டால் "ஃபைல் மேல இருக்கு, நாளைக்கு வாங்க" என்பார்கள்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள்தான் இதற்குப் பிடி. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன, அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டன, பழையதே திரும்ப வந்தது. அதன்படி உள்நோயாளியின் மருத்துவப் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்த ஆளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்காமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கையெழுத்து விழுந்தவுடனே பல இடங்களில் 'மேலே இருந்த' ஃபைல் கீழே வந்துவிடும்.

## வழி 1: நேரில் சொல்லிவிடுவது

பலரும் தயங்குவது இதற்குத்தான். ஆனால் சிகிச்சை பாதியில் இருக்கும்போது இதுதான் முதல் வழி. கீமோ நடக்கிறது, எட்டாவது மாதம், போன வாரம்தான் ஆபரேஷன் என்றால் டாக்டரை மாற்றுவதில் உள்ள ஆபத்து, அவருடைய கோபத்தில் இருப்பதைவிடப் பெரிது.

எப்படிச் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நீங்க மரியாதையா பேசல" என்று தொடங்கினால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "சார், போன தடவை அம்மா பயந்து போய் கேட்காம வந்துட்டாங்க. மூணு கேள்வி எழுதிட்டு வந்திருக்கோம், கேட்டுக்கிறோம்" என்றால் பெரும்பாலும் பதில் வரும். பல நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சுவீடனில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 22 நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது, இந்தியாவில் சுமார் 2 நிமிடம்தான் என்று இருந்தது. எரிந்து விழுவதற்கு அது நியாயமாகாது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் எதைக் கேட்பது என்று நாம் தயாராகப் போனால், நமக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது.

ஊழியர் பிரச்சினைக்கும் சிறிய கிளினிக்குகளில் இதுவே சிறந்த வழி, ஏனென்றால் வெளியே நடப்பது பல டாக்டர்களுக்குத் தெரியாது. என் தோழியின் அப்பாவுக்குச் சர்க்கரையால் காலில் ஆறாத புண். கிளினிக் உதவியாளர் ஹாலில் எல்லார் முன்னாலும், "அந்தக் கால் புண்ணு பெரியவர் வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார். மனிதர் கூனிக் குறுகிப் போனார். தோழி உள்ளே போய் டாக்டரிடம் அமைதியாகச் சொன்னாள். அடுத்த முறை போனபோது டோக்கன் எண்ணை மட்டும் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு: சொன்ன பிறகும் மாறாவிட்டால், அடுத்தடுத்த தடவை உள்ளே போகும்போது மனம் இன்னும் கனக்கும். இரண்டு முறை சொல்லியும் அதே நிலை என்றால் மூன்றாவது முறை சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து.

## வழி 2: நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுப்பது

பல டாக்டர்கள் இருக்கும் மருத்துவமனை என்றால் பி.ஆர்.ஓ., மேனேஜர், மருத்துவக் கண்காணிப்பாளர் என்று யாராவது இருப்பார்கள். என்.ஏ.பி.எச். தரச்சான்று பெற்ற இடமாக இருந்தால் நோயாளிகளின் குறைகளைக் கேட்டுத் தீர்க்க ஓர் ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும். கணவர் டாக்டர், மனைவி கணக்கு என்று நடக்கும் கிளினிக்கில் இந்த வழிக்கு வேலையே இல்லை. அங்கே வழி 1, இல்லாவிட்டால் வழி 3.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தேதி, நேரம், டோக்கன் எண், யார், என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அதனால் சிகிச்சையில் என்ன ஆனது என்பதைச் சொல்லுங்கள். கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை. "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால், "எடுத்துவிட்டோம்" என்று ஒரு போன் வரும், அதோடு சரி. "மீதி ரிப்போர்ட்டை இந்த வாரத்துக்குள் தர வேண்டும்", "இனி வேறு டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும்" என்று குறிப்பாகக் கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் உள்ளன. தகவல் பெறுவது, பதிவேடுகளைப் பெறுவது, வேறொரு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்பது, அந்தரங்கம், கண்ணியம் எல்லாம் அதில் உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் அதை மாநிலங்களுக்கு அனுப்பியது. சாசனம் தனியாக ஒரு சட்டம் அல்ல. ஆனாலும் கடிதத்தில் குறிப்பிட்டால், எழுதியவருக்கு விவரம் தெரியும் என்பது அவர்களுக்குப் புரியும்.

ஒரு விஷயம் மனதை உறுத்தும். புகார் போனால் வருமானம் கொண்டுவரும் டாக்டரை நிர்வாகம் அவ்வளவு சீக்கிரம் தொடாது, ரிசப்ஷன் பெண்ணைத்தான் வேலையை விட்டு அனுப்பும். டாக்டர் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவதற்குக் காலையிலிருந்து ஏச்சு வாங்குவது அந்தப் பெண்தான். அதனால் ஆளைத் தூக்கச் சொல்லாமல், டோக்கன் முறை, காத்திருக்கும் நேரத்தை அறிவிப்பது போன்ற ஏற்பாட்டை மாற்றச் சொல்லிக் கேளுங்கள் என்பேன்.

## வழி 3: டாக்டரை மாற்றுவது

நீண்ட நாள் நோய்க்கு, அதாவது சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவாதம், மனநலம் போன்றவற்றுக்கு, நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். பத்து வருடம் போய்வர வேண்டிய இடத்தில் பயந்துகொண்டே போக முடியாது.

செலவு கன்சல்டிங் ஃபீஸ் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. புது டாக்டர் சில பரிசோதனைகளைத் திரும்ப எடுக்கச் சொல்வார். மருந்தை மாற்றலாம், மாறிய மருந்து உடம்புக்குப் பழக நாளாகும். காப்பீடு இருந்தால் புது மருத்துவமனை கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்க்க வேண்டும். பழைய இடத்தில் பேக்கேஜ் என்று அட்வான்ஸ் கட்டியிருந்தால் அதைத் திரும்ப வாங்குவது தனிப் போராட்டம். மூட்டுவாத நிபுணர் போன்றவர்கள் பெரிய ஊர்களைத் தாண்டினால் கிடைப்பது அரிது என்பதால் பஸ் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் சேரும். எங்களுக்குப் புது டாக்டரிடம் நேரம் கிடைக்கவே மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பழைய மருந்தை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டது முக்கியம். கோபத்தில் டாக்டரோடு மருந்தையும் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பலர் நினைத்துப் பார்க்காத ஒரு நடுவழி இருக்கிறது. அதே மருத்துவமனையில் அதே துறையில் இன்னொரு டாக்டர் இருந்தால் அவரிடம் டோக்கன் போடச் சொல்லலாம். ஃபைல் அங்கேயே இருக்கும், பரிசோதனையைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. "முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரே" என்ற சங்கடம் நம் மனதில்தான் அதிகம்.

புதியவரிடம் போகும்போது பழையவரைப் பற்றிக் குறை சொல்லித் தொடங்க வேண்டாம். "எங்களுக்கு விளக்கமாகச் சொன்னால்தான் புரியும், அதனால் மாறி வந்தோம்" என்றால் போதும்.

## வழி 4: வெளியே புகார்

கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்று தெரிந்துகொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். எம்.பி.பி.எஸ். படித்துப் பதிவு செய்த டாக்டரின் நடத்தையை விசாரிக்கும். எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைச் சில காலம் நீக்கலாம். நஷ்டஈடு வாங்கித் தராது. 6 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. பல் டாக்டருக்கும் சித்த மருத்துவருக்கும் தனித்தனிக் கவுன்சில்கள். "கத்தினார்" என்பது மட்டும் இருந்தால் இங்கே வழக்கு நிற்பது கடினம். பதிவேடு தர மறுத்தார், நோயாளியின் ரகசியத்தை வெளியே சொன்னார், அவசர நிலையில் பார்க்க மறுத்தார் என்றால் விதிமீறல் தெளிவாக இருக்கும்.

மாவட்ட இணை இயக்குநர் அலுவலகம். ஜே.டி. ஆபீஸ் என்பார்கள். தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்வது இங்கேதான். பதிவில்லாத கிளினிக், தகுதியில்லாத ஆள் ஊசி போடுவது போன்ற நிறுவனக் குறைகளுக்கு இந்தக் கதவு.

நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் இடங்கள் வராது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். சட்டம் மாதக்கணக்கில் முடியச் சொன்னாலும் நடைமுறையில் வருடக்கணக்கில் இழுக்கும். அதிகக் கட்டணம், செய்யாத பரிசோதனைக்குப் பில், தவறான சிகிச்சை என்று காகிதத்தில் காட்ட முடிந்தால் போங்கள். அவமரியாதைக்காக மட்டும் போக வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள்.

அரசு மருத்துவமனை என்றால் பாதையே வேறு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலர், அவருக்கு மேல் டீன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வட்டார மருத்துவ அலுவலர். அங்கே தீராவிட்டால் சுகாதார உதவி எண் 104, அல்லது முதல்வரின் உதவி மையம் 1100. மனு எண்ணைக் குறித்து வையுங்கள், பதில் வராவிட்டால் அந்த எண்ணை வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

இந்தக் கட்டுரையின் கணக்கிலேயே சேராத சிலவும் உண்டு. தகாத தொடுதல், பாலியல் பேச்சு, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது ஆகியவை குற்றங்கள், நேராகக் காவல் நிலையம் போக வேண்டியவை. எச்.ஐ.வி. இருப்பதால் சிகிச்சை மறுப்பதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | சிகிச்சைத் தொடர்ச்சி | செலவு, நேரம் | கிடைப்பது | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|
| நேரில் பேசுவது | கெடாது | செலவில்லை | விளக்கம், சில சமயம் வருத்தம் தெரிவிப்பு | சிகிச்சை பாதியில். சிறிய கிளினிக் |
| நிர்வாகத்துக்கு எழுதுவது | பெரும்பாலும் கெடாது | ஒரு கடிதம், சில வாரம் | ரிப்போர்ட், ஏற்பாட்டில் மாற்றம் | ஊழியர் பிரச்சினை. பெரிய மருத்துவமனை |
| டாக்டரை மாற்றுவது | கொஞ்சம் இடைவெளி | ஃபீஸ், பரிசோதனை, பயணம் | நிம்மதியான சிகிச்சை | நீண்ட நாள் நோய் |
| வெளியே புகார் | அந்த இடத்தில் தொடர்வது கடினம் | மாதங்கள் முதல் வருடங்கள் | நடவடிக்கை அல்லது நஷ்டஈடு | விதிமீறலுக்குக் காகித ஆதாரம் இருந்தால் |

கூகுளில் விமர்சனம் எழுதுவதைத் தனி வழியாக நான் சேர்க்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதலாம், பிறருக்கு உதவும். 'கொள்ளைக்காரன்', 'போலி டாக்டர்' என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு நாமே வழி வைத்துக் கொடுத்ததாகும்.

மருத்துவமனையில் கைநீட்டுவது, கண்ணாடியை உடைப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி அது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம், 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. அதுவரை நம் பக்கம் இருந்த நியாயமும் அந்த நிமிடத்தில் கைமாறிப் போய்விடும்.

## நாங்கள் செய்தது

இவற்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. நாங்கள் மூன்றாவதையும் இரண்டாவதையும் சேர்த்துச் செய்தோம். அம்மாவைப் புது டாக்டரிடம் மாற்றினோம். அவர் முதல் நாளே தாளில் ஏழு கட்டம் போட்டு ஞாயிறை மட்டும் வட்டமிட்டுக் கொடுத்தார். ரத்தமும் கல்லீரலும் இத்தனை நாளுக்கு ஒருமுறை ஏன் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அம்மா இப்போது தானே கேள்விகளை எழுதி எடுத்துப் போகிறார்.

அதன் பிறகு பழைய மருத்துவமனைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நடந்ததைச் சொல்லி ஒன்றை மட்டும் கேட்டேன்: மெத்தோட்ரெக்ஸேட் எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் 'வாரம் ஒரு முறை' என்று தமிழில் தெளிவாக எழுத வேண்டும். பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. மருந்துக் கடையில் அதற்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். டாக்டர் பேசிய விதத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.